அல்மாக்ரோ: காவித் தூண்களும் கத்தரிக்காய் ஊறுகாயும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்மாக்ரோ எங்கே இருக்கிறது? அங்கே என்ன விசேஷம்?

ஸ்பெயினில், மாட்ரிட்டுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில், லா மான்ச்சா சமவெளியில், சியுதாத் ரியால் மாகாணத்தில் இருக்கும் சின்ன ஊர். மக்கள்தொகை ஒன்பதாயிரத்தை ஒட்டி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 640 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கோடையில் 35 பாகைக்கு மேல் கொளுத்தும். குளிர்காலத்தில் உறைபனி விழும். மழை ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர்தான்.

விசேஷங்கள் இரண்டு. ஒன்று, 1628இல் கட்டிய நாடகக் கொட்டகை இன்றும் அதே வடிவில் நிற்கிறது, நாடகமும் நடக்கிறது. மற்றொன்று, ஊரின் பெயரையே தாங்கிய கத்தரிக்காய் ஊறுகாய். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பவர்கள் பாதி ஊரைத்தான் பார்க்கிறார்கள். அங்கே கட்டடமும் சமையலும் ஒரே வெயிலுக்கும் ஒரே வறட்சிக்கும் ஈடுகொடுக்கப் பிறந்தவை. கிடைத்த மண்ணை, மரத்தை, காயைக் கெடாமல் வைத்திருப்பதுதான் இரண்டிலும் அடிப்படை வேலை.

பெயருக்கு என்ன பொருள்?

அரபு மொழியில் ‘அல்-மக்ரா’ என்றால் செம்மண், நம் சொல்லில் காவிமண். அதிலிருந்து வந்ததாகவே பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். ஸ்பானிய மொழியில் இன்றும் காவிக்கு ‘அல்மாக்ரே’ என்றுதான் பெயர். ஊருக்குள் நுழைந்ததும் அந்த நிறம் கண்ணில் படும்: உத்தரங்கள், நாடகக் கொட்டகைத் தூண்கள், சில வீடுகளின் சுவர்கள். இரும்பு ஆக்சைடு நிறைந்த இந்த மண்ணை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து மரத்திலும், சுண்ணாம்பில் கலந்து சுவரிலும் பூசுவார்கள். வெயிலில் வெளுக்காத நிறம் அது. எண்ணெயில் குழைத்துப் பூசும்போது மரத்துக்குள் ஈரம் இறங்குவதும் குறையும்.

சின்ன ஊரில் இவ்வளவு பெரிய மாளிகைகள் எப்படி வந்தன?

இரண்டு காரணங்கள்: ஒரு படைத்துறவியர் சபை, ஒரு வங்கிக் குடும்பம்.

1158இல் தோன்றிய கலத்ராவா சபை, துறவிகளே போர்வீரர்களாக இருந்த அமைப்பு. இந்தப் பகுதி முழுதும் அதன் ஆட்சியில் இருந்தது. சபையின் தலைவர்கள் அல்மாக்ரோவில் தங்கி நிர்வாகம் செய்ததால் கணக்கர்களும் வணிகர்களும் கைவினைஞர்களும் சேர்ந்தார்கள். அவர்களுடைய அரண்மனையாக இருந்த கட்டடத்தில்தான் இன்று தேசிய நாடக அருங்காட்சியகம் இருக்கிறது.

அடுத்து வந்தவர்கள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பத்தார். 1519இல் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸ் புனித ரோமப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்படக் கடன் கொடுத்தவர்கள் இவர்கள். கடனை அடைக்க, 1525 முதல் படைத்துறவியர் சபைகளின் வருவாயைக் குத்தகையாகப் பெற்றார்கள். அதில் மேற்கே இருந்த ஆல்மாதேன் பாதரசச் சுரங்கமும் அடக்கம். 1550களில் மெக்சிகோவில் பாதரசத்தைக் கொண்டு வெள்ளித்தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை பரவியதும் பாதரசத்தின் மதிப்பு ஏறியது. தானியமும் பாதரசமும் சேர்த்துவைத்த கிடங்குதான் இப்போது ‘ஃபூக்காரெஸ் அரண்மனை’ என்று காட்டப்படும் கட்டடம். ஃபுக்கர் என்பதை ஸ்பானியர் வாய்க்கு வந்தபடி அப்படி மாற்றிக்கொண்டார்கள். அரண்மனை என்று பெயர் இருந்தாலும் கட்டமைப்பில் அது ஒரு கிடங்கு. தடித்த சுவர், உயரத்தில் சிறு சாளரம், நடுவில் தூண்கள் சூழ்ந்த முற்றம். தானியத்துக்கு இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும், கணக்குப் பார்க்க வெளிச்சம் வேண்டும். முற்றம் இரண்டையும் தீர்த்து வைத்தது.

பிளாசா மாயோர் எனும் சதுக்கத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சுமார் 105 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். கோடு போட்டாற்போல் நேரான செவ்வகம் அல்ல. ஊர் வளரும்போது சந்தைக்கென்று விட்ட இடம் அது. நீண்ட பக்கங்கள் இரண்டிலும் கல்தூண்கள் நிற்கும் தாழ்வாரம், அதற்கு மேல் இரண்டு அடுக்கு மாடங்கள், அவற்றுக்குப் பச்சை வண்ணம் பூசிய மரச்சட்டமிட்ட கண்ணாடிச் சாளரங்கள். தூண்கள் எண்பதுக்கு மேல்.

முதலில் தூணும் உத்தரமும் சேரும் இடத்தைப் பாருங்கள். கல்தூணின் தலையில் நேராக உத்தரம் உட்காரவில்லை. நடுவே இருபுறமும் நீட்டிய மரப் போதிகை இருக்கும். கோயில் மண்டபத்தில் பார்க்கிற போதிகையின் வேலைதான் இதற்கும். உத்தரம் தாங்கவேண்டிய இடைவெளியைச் சுருக்குகிறது, பளுவைத் தூணுக்குள் பரப்பி இறக்குகிறது. போதிகை வெடித்தால் உத்தரம் தொய்யும், அது தொய்ந்தால் மேலே கண்ணாடிச் சட்டம் கோணும். சாளரங்கள் சரியாக மூடாத இடத்தில் நோயைக் கீழே தேட வேண்டும்.

அடுத்து மாடங்கள். சதுக்கத்தில் காளைச் சண்டையும் விழாவும் நடந்த காலத்தில் அவை பார்வையாளர் இடங்கள். கண்ணாடி அடைப்பு, குளிர்நாட்டு ஃபுக்கர்களின் பழக்கத்திலிருந்து வந்தது என்பது ஊர் வழக்கு. இன்றைய சீரான தோற்றத்தில் 1960களில் நடந்த புதுப்பிப்புப் பணிக்கும் பங்கு உண்டு. ஆகவே கண்ணில் படும் பச்சைப் பலகை ஒவ்வொன்றும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எண்ண வேண்டாம்.

சதுக்கத்தின் ஒரு முனையில் நகர்மன்றம் இருக்கிறது. எதிர் முனை வெறிச்சென்று இருப்பதற்குக் காரணம், அங்கே நின்ற புனித பர்த்தலமேயு ஆலயம். 1755இல் லிஸ்பனை அழித்த நிலநடுக்கத்தில் அது பழுதாகி, பின்னர் இடிக்கப்பட்டது. பங்குக்கோவில் என்ற நிலை, 1767இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட சேசு சபையாரின் ஆலயத்துக்கு மாறியது. அந்த முனையில் குதிரைமேல் நிற்கும் சிலை தியேகோ தே அல்மாக்ரோவுடையது. இவ்வூரில் பிறந்து, பிசாரோ என்ற ஸ்பானியப் படைத்தலைவரின் கூட்டாளியாகப் பெரு சென்று, 1535இல் சிலிக்குப் படை நடத்தி, 1538இல் பிசாரோ தரப்பால் கொல்லப்பட்டவர்.

கொரால் தே கொமேதியாஸ் என்றால் என்ன? அதன் அமைப்பைச் சொல்ல முடியுமா?

‘கொரால்’ என்றால் அடைப்புள்ள முற்றம். வீடுகளுக்கு நடுவே இருந்த முற்றத்தில் மேடை கட்டி நாடகம் போட்டதால் அந்தப் பெயர். அல்மாக்ரோவில் இருப்பதை 1628இல் லியோனார்தோ தே ஒவியேதோ என்ற மதகுரு கட்டினார். நாடகாசிரியர்கள் லோப்பே தே வேகாவும் கால்தெரோனும் எழுதிய காலம் அது.

நுழைவாயிலில் நடைகூடம். அங்கே ‘அலோஹேரியா’ எனும் பானக்கடை. தண்ணீரில் தேனும் வாசனைப்பொருளும் கலந்த ‘அலோஹா’ என்ற பானம் விற்றார்கள். உள்ளே திறந்த முற்றம், ஓரத்தில் கிணறு. முற்றத்தில் சாதாரண ஆண்கள் நின்றபடி பார்த்தார்கள். பக்கவாட்டு மாடங்கள் பணக்காரர்களுக்கு. மேடைக்கு நேர் எதிரே பெண்களுக்கென்று தனி மாடம், அதற்குப் பெயர் ‘கஸுவேலா’, அதாவது சமையல் சட்டி. நெருக்கியடித்து உட்கார்ந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். பார்வையாளரில் பெண்களைப் பிரித்து வைத்த அதே ஸ்பெயினில், மேடையில் பெண்கள் நடிக்க 1587இலேயே அனுமதி கிடைத்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

மேடைக்குத் திரைச்சீலை ஓவியமெல்லாம் பெரிதாக இல்லை. பின்சுவரே காட்சி. கீழ்வாசல்கள் வீடாகும், மேல்மாடம் பால்கனியாகும், கோட்டைமதிலாகும், சொர்க்கமும் ஆகும். பலகைத் தளத்தில் இருந்த பொறிக்கதவு வழியாக ஆள் மறைவதும் தோன்றுவதும் நடந்தது. பகல் வெளிச்சத்தில்தான் நாடகம். முற்றத்துக்கு மேலே துணிப் பந்தல் இழுத்துக் கட்டுவார்கள். வெயிலை மறைப்பது பாதி வேலை. மேடையில் பாதி வெயிலும் பாதி நிழலுமாக விழுந்து முகம் தெரியாமல் போவதைத் தடுத்து, வெளிச்சத்தைச் சீராகப் பரப்புவது மீதி வேலை.

மாடங்களைத் தாங்குவன காவி பூசிய 54 மரத்தூண்கள். ஒவ்வொன்றும் ஒரு கல் பீடத்தின் மேல் நிற்கிறது. இதைத்தான் வந்தவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் போகிறார்கள். கொட்டகை இன்றுவரை நிற்பதற்கு அந்தக் கற்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முற்றத்தில் விழும் மழைநீர் மரத்தின் அடியைத் தொடாது, மண்ணின் ஈரமும் மேலேறாது. மரம் அழுகத் தொடங்கும் இடம் எப்போதும் அடிப்பகுதிதான்.

நடுவில் அது எப்படி மறைந்தது?

18ஆம் நூற்றாண்டில் இத்தகைய முற்ற நாடகங்களுக்குத் தடைகள் வந்தன. கட்டடம் சத்திரமாக மாறியது. மாடங்களை அடைத்து அறைகள் ஆக்கினார்கள், மேடை மறைந்தது. இடிக்காமல் அடைத்ததுதான் நல்லூழ். 1950களின் தொடக்கத்தில் வேலை நடந்தபோது பழைய ஸ்பானியச் சீட்டுக்கட்டு ஒன்று கிடைத்தது. தொடர்ந்து தேடியதில் மேடையும் மாடங்களும் வெளிப்பட்டன. 1955இல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. 1978 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் இங்கே பன்னாட்டுச் செவ்வியல் நாடக விழா நடக்கிறது. கொட்டகையில் சுமார் 300 பேர்தான் உட்கார முடியும் என்பதால் விழாச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சாதாரண வீடுகளின் சுவர் எதனால் ஆனது? ஏன் சில சுவர்கள் உதிர்கின்றன?

அடியில் கல், அதற்கு மேல் திமிசு போட்ட மண்சுவர். இதற்கு ‘தாப்பியால்’ என்று பெயர். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஈரமண்ணை ஒரு சாண் கனத்துக்கும் குறைவாகக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, அடுத்த அடுக்கைப் போடுவார்கள். மூலைகளுக்கும் வாசல் ஓரங்களுக்கும் செங்கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு. இரண்டடிக்குக் குறையாத கனமுள்ள சுவர் பகல் சூட்டை மெல்ல உள்வாங்கி இரவில் விடும். அதனால்தான் ஜூலை நண்பகலில் தெருவிலிருந்து உள்ளே நுழைந்தால் உடம்பு குளிர்கிறது.

உதிர்வதற்குப் பெரும்பாலும் காரணம் சிமெண்ட். மண்சுவர் தரையிலிருந்து கொஞ்சம் ஈரத்தை எப்போதும் உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சின் வழியாக அது ஆவியாகிப் போகும். சிமெண்ட் பூசினால் ஆவி வெளியே போகாது. ஈரத்தோடு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையும் சுவரின் தோலையும் சேர்த்துத் தள்ளிவிடும். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் பூச்சு பொருமி நின்றால் இதுதான் கதை. மருந்து: சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவர் காய இடைவெளி விட்டு, ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து பூசுவது.

வெள்ளையடிப்பதிலும் அவசரம் கூடாது. சுவரை நனைத்துவிட்டு, பால்போல் மெல்லிய கரைசலை மூன்று தடவையாவது அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே தடவையில் அடித்தால் வெடிக்கும். நேர் வெயிலில் அடித்தால் சுண்ணாம்பு இறுகுவதற்குள் உலர்ந்து, கை வைத்தால் தூளாக ஒட்டும்.

லா மான்ச்சாவின் பல ஊர்களில் சுவரின் அடியில் நீலப்பட்டை அடிப்பதைப் பார்க்கலாம். அந்த நீலத்தின் பெயர் ‘அஞில்’. வடமொழி ‘நீல’ அரபு வழியாக ‘அன்-நீல்’ ஆகி ஸ்பெயின் போய்ச் சேர்ந்த சொல் அது.

கத்தரிக்காய் ஊறுகாய் என்கிறீர்களே, நம் ஊறுகாய் மாதிரியா?

இல்லை. எண்ணெயும் காரமும் மிதக்கும் ஊறுகாய் அல்ல. வினிகரும் சீரகமும் பூண்டும் சேர்ந்த புளிப்பு நீரில் முழுக்காயாக ஊறியது. காம்பைப் பிடித்துக்கொண்டு கடித்துச் சாப்பிடுவது. உணவுக்கு முன் பசியைத் தூண்ட வைப்பார்கள்.

காய் இந்தியாவிலிருந்து போனது, பெயரும் கூடவே போனது. வடமொழி ‘வாதிங்கண’ பாரசீகத்தில் ‘பாதிங்கான்’, அரபில் ‘அல்-பாதிஞ்ஜான்’, ஸ்பானியத்தில் ‘பெரென்ஹேனா’. போர்ச்சுக்கீசியர் வாயில் ‘பெரிஞ்ஜேலா’வாகி நம்மிடம் திரும்பி வந்ததுதான் ‘பிரிஞ்சால்’. ஸ்பெயினுக்கு இதைக் கொண்டுபோனவர்கள் அரபியர். வினிகரில் ஊறவைக்கும் பழக்கமும் அவர்கள் காலத்திலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது.

‘அல்மாக்ரோ கத்தரிக்காய்’ என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு. அல்மாக்ரோ, அல்தேயா தெல் ரேய், போலாஞோஸ், கல்சாதா, கிரானாத்துலா, வலென்சுவேலா என்ற ஆறு ஊர் எல்லைக்குள் விளைந்து பதப்படுத்தியதுக்கே அந்தப் பெயர். எரிமலைகள் பல வெடித்து அடங்கிய நிலப்பகுதி அது. காய் சின்னதாக உருண்டிருக்கும். புல்லிவட்டம், அதாவது காம்பை ஒட்டிய பச்சை இதழ்கள், காயைப் பெரும்பாலும் போர்த்தியிருக்கும். இதுதான் அடையாளம்.

வீட்டில் செய்ய முடியுமா? அளவு சொல்லுங்கள்.

முடியும். அல்மாக்ரோ ரகம் கிடைக்காது, விதை முற்றாத சின்ன உருண்டைப் பிஞ்சு போதும்.

பிஞ்சுக் கத்தரிக்காய் 2 கிலோ, தண்ணீர் 2 லிட்டர், 6 சதவீத அமிலமுள்ள வெள்ளைத் திராட்சை வினிகர் 800 மில்லி, அயோடின் சேராத கல்லுப்பு 120 கிராம், முழுப் பூண்டு ஒன்று, சீரகம் 2 மேசைக்கரண்டி, காரமில்லாத ஸ்பானிய மிளகாய்த்தூளான பிமென்தோன் 2 மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 150 மில்லி. நம் கடைகளில் விற்கும் வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம்தான். அதுவானால் வினிகர் 1.2 லிட்டர், தண்ணீர் 1.6 லிட்டர் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த அளவில் கை வைக்கக் கூடாது, காய் கெடாமல் இருப்பது அமிலத்தால்தான். பிமென்தோன் இல்லாவிட்டால் காஷ்மீர் மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி போடலாம், நிறம் வரும், சுவை கொஞ்சம் மாறும்.

காம்பை இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்குங்கள், புல்லிவட்டத்தை எடுக்க வேண்டாம், முள்ளிருந்தால் மட்டும் சீவுங்கள். கொதிக்கும் நீரில் போட்டு, மிதக்காமல் ஒரு தட்டை மேலே வைத்து அமுக்குங்கள். அளவைப் பொறுத்து 5 முதல் 20 நிமிடம். ஒரு குச்சியால் குத்தினால் லேசான எதிர்ப்போடு இறங்க வேண்டும். உடனே வடித்துப் பரப்பி ஆறவிடுங்கள். குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே குழைந்துபோகும். ஆறியபின் ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஒரு கீறல், மறுபக்கம் வராமல்.

பூண்டு, சீரகம், உப்பு மூன்றையும் இடித்து, பிமென்தோனும் எண்ணெயும் சேர்த்துக் குழைத்து, வினிகரும் தண்ணீரும் ஊற்றிக் கலக்குங்கள். கண்ணாடி ஜாடியில் காய்களை அடுக்கி, மூழ்கும்வரை ஊற்றி, மேலே பாரம் வையுங்கள். குளிர்ந்த இடத்தில் 4 முதல் 15 நாள் புளிக்க வேண்டும். நம் வெக்கைக்கு நான்கு ஐந்து நாள் போதும். பிறகு குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

எம்புச்சாதா என்பது வேறு வகையா?

ஆம், ‘திணித்தது’ என்று பொருள். கீறலுக்குள் சுட்ட சிவப்புக் குடைமிளகாய்த் துண்டு ஒன்றை வைத்து, காய்ந்த சோம்புச் செடித் தண்டால் குத்தி மூடுவார்கள். தண்டு வெறும் ஊசி அல்ல, ஊறும்போது அதன் வாசனையும் நீரில் இறங்கும். பல்குத்தும் குச்சி மூடிவைக்கும், மணம் தராது. சாப்பிடும்போது தண்டை உருவிவிட மறக்க வேண்டாம்.

ஊறுகாய் குழைந்துவிட்டது, கசக்கிறது, மேலே வெள்ளை படிந்திருக்கிறது. என்ன தவறு?

குழைந்தால் வேகவைத்தது அதிகம், அல்லது சூடாகவே ஊற்றிவிட்டீர்கள். கசந்தால் காய் முற்றியது, அதற்குத் தீர்வு கிடையாது. காய் கருத்தால் இரும்புப் பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் காய் நீருக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கிறது. ஏட்டை எடுத்துவிட்டு மீண்டும் அமுக்கலாம். ஆனால் பஞ்சுபோல் பூஞ்சணம், கெட்ட வாடை, வழவழப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள். நீர் கலங்கியிருப்பது மட்டும் குறையல்ல, புளிப்பு ஏறும்போது கலங்குவது வழக்கம்.

பழைய மண்ஜாடிகள் அழகுதான். உள்ளே பூசிய பளபளப்பில் ஈயம் இருக்கக்கூடும், புளிப்பு அதைக் கரைக்கும். கண்ணாடியே நல்லது.

காச்சாஸ் என்ற கூழை எந்த மாவில் செய்கிறார்கள்? அது ஆபத்தானது என்கிறார்களே?

‘அல்மோர்தா’ மாவில். அது வேறொன்றுமில்லை, நாம் கேசரிப் பருப்பு என்று அறிந்த அதே பயறு. வறட்சியில் எல்லாம் பட்டுப்போனாலும் இது காய்க்கும். அதனால்தான் லா மான்ச்சாவிலும் பீகாரிலும் ஏழையின் தட்டுக்கு வந்தது.

ஆபத்து உண்மை. மாதக்கணக்கில் இதையே முக்கிய உணவாக உண்டால், அதிலுள்ள நச்சு அமினோ அமிலம் நரம்புகளைத் தாக்கிக் கால்களை முடக்கும். இந்த நோய்க்கு லத்திரிசம் என்று பெயர். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில், 1940களின் தொடக்கத்தில், ஸ்பெயினில் பலர் இப்படி முடமானார்கள். அதற்கும் முன்பு, 1811–12 மாட்ரிட் பஞ்சத்தில் மக்கள் இந்தக் கூழை வாங்கி உண்பதை ஓவியர் கோயா செதுக்கோவியமாக்கி ‘அல்மோர்தாவுக்கு நன்றி’ என்று பெயரிட்டார். இந்தியாவில் 1961இல் விற்பனைக்குத் தடை வந்தது. ஸ்பெயினில் 1967இல் மனித உணவாக விற்பதற்குத் தடை விதித்து, 2018இல் எப்போதாவது உண்பதற்கு என்ற அளவில் தளர்த்தினார்கள். சமச்சீராக உண்பவர் குளிர்காலத்தில் ஒரு தடவை சுவைப்பதால் கேடு இல்லை. அன்றாட உணவாக்கிக்கொள்வது தவறு.

செய்முறை: நான்கு பேருக்கு மாவு 150 கிராம், தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், ஆலிவ் எண்ணெய் 100 மில்லி, பூண்டு நான்கு பல், பன்றியின் கொழுப்பு இறைச்சி 200 கிராம், பிமென்தோன் ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் மிளகு. பூண்டையும் இறைச்சியையும் பொரித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் மாவைச் சிறுதீயில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிமென்தோன். தீயில் இருக்கும்போது போட்டால் சில நொடியில் கருகிக் கசந்துவிடும். குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, மீண்டும் அடுப்பேற்றிக் கிண்ட வேண்டும். இருபது நிமிடத்தில் மேலே எண்ணெய் பிரியும், அதுதான் பதம். எண்ணெய் பிரியாத கூழ் வேகாத கூழ், பச்சைமாவு வாடை அடிக்கும்.

வாணலியைச் சுற்றி நின்று உண்பது பழைய வழக்கம். ‘ஒரு கரண்டி, ஒரு அடி பின்னே’ என்பார்கள். எடுத்தவர் விலகி அடுத்தவருக்கு இடம் விட வேண்டும்.

பழைய ரொட்டியைக் கிளறிச் செய்யும் மிகாஸ் களியாகிவிடுகிறது. ஏன்?

தண்ணீர் கூடிவிட்டது. இரண்டு மூன்று நாள் ஆன ரொட்டி 1 கிலோவுக்கு உப்புத் தண்ணீர் 250 மில்லிக்கு மேல் வேண்டாம். முந்தின இரவே ரொட்டியைச் சிறு துண்டாக்கி, நீரைத் தெளித்து, துணியில் மூடி வைத்தால் ஈரம் சமமாகப் பரவும். காலையில் எட்டுப் பல் பூண்டை 150 மில்லி எண்ணெயில் வதக்கி, ரொட்டியைப் போட்டு, அரைமணி நேரம் கைவிடாமல் கிளற வேண்டும். புதுரொட்டியில் எவ்வளவு கிளறினாலும் உதிராது. திராட்சைப்பழம் சேர்த்து உண்பார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கத்தரிக்காய் ஊறுகாய் முழுச் சைவம். ‘ஆசாதில்யோ’ இன்னொன்று: சிவப்புக் குடைமிளகாயும் தக்காளியும் சுட்டு, தோலுரித்து, பூண்டும் சீரகமும் ஆலிவ் எண்ணெயும் சேர்ப்பது. சீரகம் இங்கே தாராளம், அதனால் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். ‘பிஸ்தோ’ எனும் தக்காளி-குடைமிளகாய் வதக்கலும் காய்தான். ஆனால் மேலே முட்டையோ உப்பிட்ட பன்றித் தொடைத் துண்டோ வைத்துத் தருவதுண்டு. ‘சின் ஹமோன், சின் அத்தூன்’ என்று சொல்லுங்கள், பன்றியும் சூரைமீனும் இல்லாமல் என்று பொருள். மிகாஸிலும் காச்சாஸிலும் இறைச்சி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மான்ச்செகோ பாலாடைக்கட்டி மான்ச்செகா இனச் செம்மறியின் பாலில் மட்டும் செய்வது. குறைந்தது 30 நாள் முதிர வேண்டும், ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்டதானால் 60 நாள். பக்கத்தில் பின்னல்போல் தெரியும் தடம், முன்பு தர்ப்பை போன்ற ‘எஸ்பார்த்தோ’ புல் பின்னலில் கட்டி அழுத்தியதன் அடையாளம். பாலை உறைய வைக்கப் பெரும்பாலும் ஆட்டுக்குட்டி இரைப்பையின் உறைபொருளைச் சேர்ப்பதால், கண்டிப்பான சைவர்கள் சீட்டில் ‘குவாஹோ’ என்ற சொல்லைப் பார்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது போகலாம்? எத்தனை நாள்?

ஏப்ரல்–மே அல்லது செப்டம்பர்–அக்டோபர். புதுக் கத்தரிக்காய் அறுவடை ஜூலையில் தொடங்கி இலையுதிர்காலம்வரை நடக்கும், ஆகவே செப்டம்பர் எங்கள் தேர்வு. ஜூலை நாடகத்துக்கு மட்டும். இரண்டு இரவு தங்கினால் சதுக்கம், கொரால், 16ஆம் நூற்றாண்டு கலத்ராவா மடத்தின் இரண்டடுக்கு முற்றம், லேஸ் பின்னல் அருங்காட்சியகம் எல்லாம் ஆகும். சிறு மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் லேஸ் இவ்வூரின் பழைய கைத்தொழில். 1596இல் தொடங்கிய பிரான்சிஸ்கன் மடம் இன்று அரசு விடுதி, தங்காவிட்டாலும் முற்றங்களைப் பார்க்கலாம்.

மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் சியுதாத் ரியால், அங்கிருந்து பேருந்திலோ ரயிலிலோ 25 கிலோமீட்டருக்குள். மதிய உணவு இரண்டு மணிக்கு முன் கிடைக்காது, இரவு உணவு ஒன்பதுக்கு மேல். நடுவில் கடைகள் மூடியிருக்கும், திங்கட்கிழமை அருங்காட்சியகங்களும்.

ஊறுகாயை ஊருக்கு எடுத்து வர முடியுமா?

கைப்பையில் முடியாது, திரவம் என்று விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பெட்டியில் போடுங்கள். கண்ணாடிப் புட்டியைவிடத் தகரடப்பா பத்திரம். பாதுகாப்பு முத்திரையும் ஆறு ஊர்களில் ஒன்றின் பெயரும் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் வடித்த எடையைத்தான் ஒப்பிட வேண்டும், மொத்த எடையில் பாதி நீர் இருக்கலாம். பீப்பாயிலிருந்து அள்ளித் தரும் உதிரிக் காயை அங்கேயே தின்றுவிடுங்கள், பயணம் தாங்காது. வீடு வந்து சேரும்போது டப்பா உப்பியிருந்தால் திறக்க வேண்டாம்.